வேர்க்காத சாமி

தம்பிக்கு அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. நேற்று போனில் நீ பேசியதைக் கேட்டதிலிருந்து உன் முகத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன், உனக்கும் அது பழகிப்போனதுதான். இது கோபம் இல்லை, அருவருப்பு. பெற்ற பிள்ளையை நினைத்து ஒரு தாய்க்கு இப்படித் தோன்றக்கூடாது என்பார்கள். தோன்றிவிட்டது, நான் என்ன செய்ய?

இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ள எழுதவில்லை. எழுதி முடித்ததும் படம் எடுத்து நம் ஊர்க் குரூப்பிலும் போடப்போகிறேன். போன வருடம் உன் பெண்டாட்டி ரோட்டில் விழுந்து கிடந்த வீடியோவை நீ அதில்தானே போட்டாய்? அதற்குக் கும்பிடுகிற கையாகப் போட்டுத் தள்ளிய அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

நேற்று நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, கமிட்டியில பேசிட்டேன். இந்த வருசமும் மொதக் கொடம் பவித்ராதான். போன தடவ ஆத்தா அவ மேலதான எறங்குனா? நான் லீவு போட்டு வாரேன். நீ அவள வெரதத்துக்குத் தயார் பண்ணு. அப்பறம் நீயும் கோயில்ல விழுந்து ஒரு மன்னிப்புக் கேட்டுரு. மீன் ஐஸு விசயத்த ஊர்ல இன்னும் யாரும் மறக்கல." இவ்வளவுதான் பேசினாய். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாய், மழை உண்டா என்று கேட்டாய், வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் பெண்டாட்டி பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியூர்க்காரர்களும் அந்தக் குரூப்பில் இருப்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். போன வருடம் தை மாதம் உனக்குக் கல்யாணம். சித்திரையில் நம் ஊர் அம்மன் திருவிழா, அதற்கும் நீ லீவு போட்டு வந்திருந்தாய். புதிதாக வந்த மருமகள் அந்த வருடம் பால்குடம் எடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நானும் எடுத்தவள்தான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் சாமி கும்பிடாதவள் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். சாமி ஆடுகிறவர்களையும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அருவருப்பு எனக்கு ஆத்தா மேல் இல்லை, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு நீங்கள் அன்றைக்கு அடித்த கூத்தின் மேல்தான்.

விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடலாம் என்று பூசாரி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஊருணிக் கரையில் குடங்களில் பால் ஊற்றித் தயாராக இருந்தது. கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. செண்டை மேளக்காரர்கள் வந்து சேரவில்லையாம். முதல் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு பிரமுகர் வரவேண்டுமாம். மேலே பறக்கிற கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமாம். அந்தக் கேமராவை ஏற்பாடு செய்தது நீ. வெளிச்சம் வந்தது, வெயிலும் வந்தது, பிரமுகரும் கடைசியாக வந்தார். வந்தவர் ஏசி போட்ட காரைவிட்டு இறங்காமல் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை எங்கள் பெண்கள் எல்லாம் கரையில் ஒரு மர நிழல்கூட இல்லாமல் வரிசை கட்டி நின்றார்கள். வரிசையைக் கலைக்கக்கூடாது என்று கமிட்டிப் பையன்கள் விசில் ஊதினார்கள். ஆட்டு மந்தையைக்கூட அந்த நேரத்துக்கு யாரும் வெட்டவெளியில் நிறுத்த மாட்டார்கள்.

சேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தான் மேலே இருந்து எடுக்கும்போது அழகாக இருக்கும் என்று மொத்தமாக மஞ்சள் சேலை வாங்கிக் கொடுத்தீர்கள். பாலியஸ்டர். காற்று உள்ளே போகாது, வேர்வை வெளியே போகாது. என் பழைய காட்டன் சேலையைக் கட்டிக்கொள்கிறேன் என்று பவித்ரா கேட்டாள். "படத்துல தனியாத் தெரியும், சும்மா இதக் கட்டு" என்று நீதான் சொன்னாய். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. விரதத்தில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை, பூசாரியே அதைச் சொன்னார். ஆனாலும் பெண்கள் குடிக்கவில்லை. ஏன் தெரியுமா? குடித்தால் ஒதுங்க வேண்டி வரும். ஊருணியிலிருந்து கோயில்வரை பெண் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. வளைவு கட்டவும் ஃபிளெக்ஸ் வைக்கவும் இடம் பார்த்த கமிட்டிக்கு ஒரு தட்டி கட்டி மறைக்க இடம் கிடைக்கவில்லை. இதை நான் ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது ஆண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

வழியில் நீர்மோர்ப் பந்தல் வைத்திருந்ததை மறந்துவிட்டேன் என்று யாராவது எழுதுவார்கள். மறக்கவில்லை. பந்தலைவிட அதற்கு முன்னால் நின்ற ஃபிளெக்ஸ் பெரியது. பிரமுகர் ஒரு டம்ளர் மோரைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார், கூட வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். பால்குடம் அந்தப் பக்கம் வரும்போது பானை கவிழ்ந்து கிடந்தது, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் அடிக்கிற டேங்கர் லாரி பிரமுகரின் காருக்கு முன்னால் போய்விட்டது. எங்கள் பெண்கள் கால் வைக்கும்போது தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது.

பவித்ரா முதல் வரிசையில் நடந்தாள். நான் ஓரமாகக் கூடவே வந்தேன். பாதி வழியில் அவள் நடை மாறியது. நேராகப் போகாமல் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் வந்த பெண் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். கண் எங்கேயோ பார்த்தது. குடம் தலையிலிருந்து நழுவிப் பால் ரோட்டில் கொட்டியது, அவளும் முழங்கால் மடங்கி விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. உடனே ஒருத்தி குலவை போட்டாள். "ஆத்தா வந்துட்டா, ஆத்தா வந்துட்டா" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. மேளக்காரன் அடியை ஏற்றினான். ஒருவன் சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே புகையை ஊதினான். மூச்சுக்குத் தவிக்கிற பெண்ணைச் சுற்றி இருந்த காற்றையும் அடைத்துக்கொண்டு நின்று புகை போட்டீர்கள்.

அவள் வாய் குழறிக் குழறி இரண்டே வார்த்தைதான் சொன்னாள். "தண்ணி" என்றாள். "வீட்டுக்குப் போகணும்" என்றாள். கமிட்டித் தலைவர் மண்டி போட்டு உட்கார்ந்து, "சொல்லு தாயி, ஊருக்குத் தண்ணி வருமா? இந்த வருசம் கம்மா நெறையுமா?" என்று கேட்டார். தாகத்தில் சாகிற பெண் தண்ணீர் கேட்கிறாள், இவர் கண்மாய்க்குத் தண்ணீர் வருமா என்று அவளிடமே கேட்கிறார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னதற்கு அர்த்தம், ஆத்தா புது மண்டபம் கேட்கிறாளாம். அதை நம்பி இன்றைக்குக் கோயிலுக்கு முன்னால் தூண் எழும்பி நிற்கிறது. உன் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதாள், தம்பி. வேறொன்றும் இல்லை.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தேன். சுட்டது. காய்ச்சல் சூடு எனக்குத் தெரியும், இது அது இல்லை. சோறு வடித்த பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. மற்றப் பெண்களின் ரவிக்கை எல்லாம் நனைந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது, இவளுடையது காய்ந்து மொடமொடவென்று இருந்தது. உள்ளங்கையில் ஈரம் இல்லை, நெற்றியில் ஈரம் இல்லை. காலமெல்லாம் சத்துணவு அடுப்படியில் நின்றவள் நான். சூட்டில் நிற்கிற உடம்பு வேர்க்கவில்லை என்றால் அது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும். சாமி ஆடுகிறவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். "இவளுக்கு வேர்க்கல, இது சாமி இல்ல, வெயிலு அடிச்சிருச்சு, வெலகுங்க, தண்ணி கொண்டாங்க" என்று கத்தினேன். அப்போது என் தோளைப் பிடித்து இழுத்தது யார்? கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த நீ. "நீ சும்மா இரும்மா. சாமி வந்திருக்கு, தொடாத" என்றாய்.

நீ இதைச் சொன்னதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கமிட்டித் தலைவருக்குத் தெரியாது, விட்டுவிடலாம். குலவை போட்டவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் ஆட்களின் பாதுகாப்பைப் பார்க்கிற வேலை உனக்கு. கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சொந்தக்காரர்களை உட்கார வைத்து நீ அளந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே கோடையில் மத்தியானம் வேலையை நிறுத்திவிடுவார்கள், நிழலில் உட்கார வைப்பார்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள் என்றாய். மூத்திரம் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளக் கழிப்பறைச் சுவரில் கலர் அட்டை ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாய். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்களாம், ஒருவனுக்குப் பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ மற்றவன் உடனே கத்த வேண்டுமாம். புதிதாக வருகிற ஆட்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதே நான்தான் என்றாய். எவனோ பெற்ற பிள்ளை தள்ளாடினால் உனக்கு அது வெயில். உன் பெண்டாட்டி தள்ளாடினால் சாமி. படித்ததையெல்லாம் விமான நிலையத்திலேயே பெட்டியோடு விட்டுவிட்டு வந்தாயா?

நான் நிற்கவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோக வண்டியில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அண்டாவை இழுத்து அவள் மேல் அப்படியே கவிழ்த்தேன். அது போதாது என்று தெரிந்தது, தண்ணீரே வெந்நீராக இருந்தது. மெயின் ரோட்டில் கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பாய், வண்டியை ஓரம் கட்டி நின்றுகொண்டிருந்தார். ஊரில் காப்புக் கட்டிவிட்டால் கவிச்சி கூடாது, கறி மீன் எதுவும் எல்லைக்குள் வரக்கூடாது. அதனால் ஊர்வலம் கடந்து போகட்டும் என்று பாவம் தள்ளி நின்றார். உன் அப்பாவைப் பார்த்து, "இங்கிட்டு என்ன வேடிக்கை? பாய்கிட்டப் போயி ஐஸ வாங்கிட்டு வாங்க" என்று கத்தினேன். அவர் அசையவில்லை, கமிட்டிக்காரர்கள் முகத்தைப் பார்த்தார். நானே ஓடினேன். "அக்கா, எனக்கு வம்பு வேணாம்க்கா, நான் போயிர்றேன்" என்று பாய் வண்டியைக் கிளப்பினார். கூட்டத்துக்கு நடுவில் அவள் கிடப்பதைக் காட்டினேன். பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் ஐஸை அள்ளி என் முந்தானையில் போட்டுவிட்டு, மூடியைக்கூட மூடாமல் போய்விட்டார். அவர் பயமும் நியாயம்தான், அன்றைக்கு நம் ஆட்கள் இருந்த இருப்பு அப்படி.

அந்த ஐஸைத்தான் அவள் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தேன். மீன் செதில் ஒட்டிய ஐஸ். காப்புக் கட்டிய ஊரில், ஆத்தா இறங்கிய உடம்பில், மீன் தண்ணீர். என்னை என்ன பேச்சுப் பேசினார்கள் தெரியுமா? நீ அங்கேதான் நின்றாய், தெரியும். தீர்த்தம் என்று சொல்லி ஒருத்தி அவள் வாயில் ஊற்றப் போனாள், அந்தக் கையைத் தட்டிவிட்டேன், அதுவும் குற்றமாகிவிட்டது. நினைவில்லாதவர்கள் வாயில் எதையும் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்விடும் என்று பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இல்லை, வளைவும் வண்டிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. லோடு ஆட்டோவில் போட்டு, ஈரச் சேலையால் போர்த்திப் போர்த்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அந்த ஐஸோடு வண்டி ஓடுகிற காற்றும் ஈரமும் சேர்ந்துதான் அவளைக் காப்பாற்றின. இங்கே ஊரில் திரிந்துபோன பாலை ஆத்தாவுக்கு ஊற்றிவிட்டுச் சக்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

முந்திரிக் காட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வெயில் என்ன செய்யும் என்று இன்றுவரை கேட்கிறார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பெண், வெயிலில் கொட்டை பொறுக்கியவள்தான். அவளையே கேட்டேன். "முந்திரிக் காட்டுல நெழலு இருக்கும் அத்தை. தாகம் எடுத்தாக் குடிப்போம், முடியலன்னா உக்காந்துருவோம். யாரும் விசில் ஊத மாட்டாக" என்றாள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். யார் உடம்பாக இருந்தாலும் தண்ணீரும் நிழலும் ஓய்வும் இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் மூளை கலங்கும். காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் அது இறங்காது, உடம்பைக் குளிர வைத்தால்தான் இறங்கும். வேர்வை நின்றுபோவதும் உண்டு, சிலருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வெயில் அடித்துவிடும், அதனால் வேர்வையை மட்டும் பார்க்காதீர்கள், பேச்சும் நடையும் மாறினால் உடனே குளிர வையுங்கள் என்றார். சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, அது சரியாக மாதக்கணக்காகும் என்றார். ஒரு தடவை இப்படி அடித்த உடம்பை மறுபடி வெயில் சீக்கிரம் பிடிக்கும், ஜாக்கிரதையாக வைத்திருங்கள் என்றார். அந்தக் கடைசிப் பேச்சின்போது நீயும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய்.

நீ அழவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஐ.சி.யூ. வாசலில் சுவரில் சாய்ந்து அழுதாய், நான் பார்த்தேன். அப்போதுகூட என் பிள்ளைதானே என்று இருந்தது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த வீடியோவுக்கு உடுக்கைச் சத்தம் சேர்த்துக் குரூப்பில் போட்டாய். அவள் மூக்கில் குழாய் இருக்கிறது, கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, வெளியே நீ எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவள் சேலை விலகிக் கிடந்ததைக்கூட நீ வெட்டி எடுக்கவில்லை. அதை இன்னும் குரூப்பில் இருந்து நீக்கவில்லை. அவள் உன் பெண்டாட்டி என்பதையாவது நினைத்திருக்க வேண்டாமா? சீ.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். திருவிழா நடக்கட்டும், பால்குடமும் நடக்கட்டும். பூசாரியிடம் பேசிவிட்டேன், அவர் என் பக்கம். வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். செண்டை மேளம் வராவிட்டால் நம்மூர்த் தவிலே போதும். பிரமுகர் படுத்துத் தூங்கட்டும், குடத்தைத் தூக்கி வைக்க ஊரில் கை இல்லாமல் போகவில்லை. பெண்கள் அவரவர் நூல் சேலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கிளம்புமுன் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடிப்பார்கள், வழியிலும் குடிப்பார்கள், ஒதுங்கத் தட்டி கட்டிக் கொடுப்பது கமிட்டியின் பொறுப்பு. ரோட்டில் சாக்கை நனைத்துப் போட வேண்டும். ஆளுக்கு ஆள் ஒரு துணை கூட நடக்க வேண்டும், உன் கம்பெனியில் செய்கிறார்களே, அந்த மாதிரி. ஆம்புலன்ஸ் வர வழி விட்டு வண்டிகளை நிறுத்த வேண்டும். யாராவது தள்ளாடினால் கும்பிடுவதற்கு முன்னால் தொட்டுப் பாருங்கள், நிழலுக்குத் தூக்குங்கள், துணியைத் தளர்த்தி நனையுங்கள், விசிறுங்கள். உண்மையிலேயே ஆத்தா வந்திருந்தால் தண்ணீர் ஊற்றியதற்காக அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். இவ்வளவையும் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்கள் தெருப் பெண்கள் யாரும் குடம் எடுக்கப் போவதில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். மேலே இருந்து படம் எடுக்க ரோடு காலியாகத்தான் இருக்கும்.

மன்னிப்பு நான் கேட்கமாட்டேன். கோயிலில் வாரா வாரம் விழுந்து கும்பிடுகிறேன், அதில் இதற்கென்று ஒரு கும்பிடு கிடையாது. மீன் ஐஸ் வைத்தது தீட்டு என்றால் அந்தத் தீட்டினால்தான் உன் பெண்டாட்டி இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். உன் அப்பாவும் அன்றைக்கு அசையாமல் நின்றதை நினைத்து இப்போதெல்லாம் அவளுக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டு அலைகிறார். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படிக்குப் போய் உலையைப் பார்த்தேன். பவித்ரா பின்னாலேயே வந்து நின்றாள். அவளுக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை, உன் வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவள் உன்னைக் குறை சொல்வாள் என்று நினைத்தேன். போகமாட்டேன் என்று சொல்வாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலை முந்தியைத் திருகிக்கொண்டே, "அவுக சொல்லிட்டாக, நான் எடுத்துர்றேன் அத்தை. இந்தத் தடவையும் நான் விழுந்தா நீங்க வந்து தண்ணி ஊத்திருவீங்கள்ல?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் எனக்கு உலை தெரியவில்லை, சோறு தெரியவில்லை. உன் பெண்டாட்டி சாவதற்குத் தயாராக இருக்கிறாள், தம்பி, நீ சொல்லிவிட்டாய் என்பதற்காக. இன்று காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்கு வந்து அவள் அம்மாவிடம் விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் உள்ளே மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறாள். நீ லீவில் வரும்போது நம் வீட்டுக்கு வராதே, நேராக இங்கே வா. வந்து அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். இந்த ஒரு வருடத்தில் நீ எத்தனையோ தடவை போன் செய்தாய், அதை மட்டும் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா